பின் வாசல் கேமராவுக்கு வயர் இழுத்தது

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே நலம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அம்மாவும் நானும் லாபிஸ் வீட்டில் பத்திரமாக இருக்கிறோம், அதை முதலில் தெரிந்துகொள். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். பக்கத்து வீட்டு லோஷினி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

சென்ற செவ்வாய் மத்தியானம் நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துப் பின் வாசல் கேமராவைப் பார்த்தபடிதான் வேலை. அம்மா ரம்புத்தான் மரத்தடி நாற்காலியில் இருந்தாள், கேட் சாத்தியிருந்தது, இரண்டு மூன்று தரம் பார்த்தேன், அப்படியே இருந்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, படத்தில் வெயில் காய்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாற்காலி காலி, கேட் திறந்து கிடக்கிறது. செம்பனை லாரி போகும் பெரிய ரோட்டில் செருப்பில்லாமல் ஓடினேன் ரூபினி, ஒவ்வொரு லாரிக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. நீ படித்த தமிழ்ப்பள்ளி வாசலில் அம்மா நின்றாள். தொப்பலாக நனைந்து, மடக்கிய குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அங்கே ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் ஐயாசாமி அவள் கையை விடாமல் பிடித்திருந்தார். "பிள்ளைங்க எல்லாம் போயிட்டாங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க அண்ணே" என்றார். குடையை ஏன் விரிக்கவில்லை என்று கேட்டதற்கு, "இது பாப்பாவுக்குங்க, நனைஞ்சா காய்ச்சல் வந்துரும்" என்றாள். பாப்பா வேனில் வந்துவிட்டாள் என்று பொய் சொல்லித்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் வயர் வேலை செய்யும் திருச்செல்வம் வந்தான். "பின்னால வைஃபை எட்டல அங்கிள், கடைசியா வந்த படத்துலயே நின்னுருச்சு, வயர் இழுத்துட்டா இந்தத் தொல்லை இல்ல" என்றான். மோடத்தில் வயர் குத்த நாலே ஓட்டை, நாலும் நிறைந்துவிட்டன. வேறு மோடம் வாங்கவா என்றேன். வேண்டாம், சுவிட்ச் என்று எட்டு ஓட்டை உள்ள சின்னப் பெட்டி போதும் என்று வாங்கி வந்தான். மோடத்தில் முன் கேட் கேமரா வயரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலிருந்து ஒரு வயர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து முன் கேட், பின் கேட் கேமரா இரண்டுக்கும். படம் இப்போது பளிச்சென்று ஓடுகிறது. நீ அங்கிருந்து பார்க்கும்போது மூலையில் நொடி ஓடுகிறதா என்று முதலில் பார், நின்றிருந்தால் உடனே லோஷினிக்குப் போன் அடி. அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், மழைக்கு இங்கே கரண்ட் போவது உனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டேன். அம்மா பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் என் பயம் அதோடு நிற்கவில்லை ரூபினி. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசி முடித்ததும், "யாருங்க அந்த மிஸ், நல்லா பேசறாங்க" என்று கேட்டாள். உன்னிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. அவள் தேடும் பிள்ளைக்கு ஒன்பது வயது. விடுமுறை டிசம்பரில்தான் என்றாய், அதுவரை பொறுக்காதே, முடிந்தால் இந்த மாதமே வா. மிஸ் என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டு.

அங்கே குளிராம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருவருக்கும் எங்கள் ஆசி. டிக்கெட் போட்டதும் எந்த நேரமானாலும் எழுப்பிச் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா, வயிரவன்