மாமியோடு நடக்கத் தொடங்கினேன்

2024 நவம்பர் 9
என் கணவர் சுபியானுடைய கூட்டாளியின் வலிமா, கலியாண விருந்து. மண்டபம் இரண்டாம் மாடியில். பாதிப் படியில் கால்கள் கனத்து நின்றுவிட்டேன். பின்னால் வந்த மாமி, இவருடைய உம்மா, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கலியாணம் முடிச்சி வருசமாகல்ல, கிழவி மாதிரி இரிக்காள்." நானும் சிரித்து வைத்தேன்.

நவம்பர் 10
நான் சோம்பேறியா? சோம்பலுக்கு இப்படி வலிக்குமா?

நவம்பர் 23
மாமியின் வைத்தியம்: ஈரல், முட்டை, பேரீச்சம்பழம். பலம் வரவில்லை. சட்டைதான் இறுகிவிட்டது.

டிசம்பர் 18
கொழும்பு ஆஸ்பத்திரி. தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்த முடிவு வந்தது. மைட்டோகொண்ட்ரியா கோளாறாம். பள்ளிக்கூடத்தில் இழைமணி என்று படம் கீறிப் புள்ளி வாங்கினேனே, அதே சாமான்!

டாக்டர் சொன்னார்: "சாப்பாட்டில குறையில்ல. அதைச் சக்தியா மாத்துற இடத்திலதான் பிழை. முழுசா சுகமாக்க மருந்தில்ல. ஆனா படுத்தே கிடந்தா இன்னும் பலம் போகும். மெதுவா நடங்க, தசை பழகும். ஏலாட்டி நில்லுங்க. பட்டினி கூடாது."

டிசம்பர் 19
சுபியான் எல்லாவற்றையும் தன் உம்மாவிடம் விளக்கினார். வெகுநேரம் கழித்து மாமி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.
"அப்ப நீ நடிக்கல்லயா மகள்?"
"இல்ல மாமி."
"எனக்குத்தான் வாய் நீளம். அல்லாஹ் மன்னிக்கட்டும். நாளைக்கு விடிய சுபஹு தொழுதிட்டுக் கடக்கரைக்கு நடப்பம்."
எனக்கு அழுகை வந்தது. மாமி அடுப்பைப் பார்க்கக் குசினிக்கு ஓடிவிட்டார்.

2025 ஜனவரி 11
கதைத்துக்கொண்டே நடக்க வேண்டும், கதைக்க மூச்சு வராவிட்டால் நிற்க வேண்டும் — இது டாக்டரின் கணக்கு. மாமி என்னைக் கதைக்க விட்டால்தானே!

பெப்ரவரி 2
கெட்ட நாள். நேற்று விருந்தாளிகள், ஓயாத வேலை. இன்று தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. மாமிதான் பின்னிவிட்டார். பின்னல் கொஞ்சம் இறுக்கம்.

மார்ச் 2
முதல் நோன்பு. எனக்கு இல்லை. குசினியில் ஒளிந்து சோறு தின்றபோது அடுத்த வீட்டு நுஸ்ரத் எட்டிப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் மாமி: "இவளுக்கு நோன்பு பிடிக்க ஏலா, டாக்குத்தர் சொல்லிட்டார். அதுக்குப் பதிலா நாங்க ஏழைக்குச் சாப்பாடு குடுக்கம். வேற என்ன விசயம் நுஸ்ரத்?"
வேறு விசயம் எதுவும் இருக்கவில்லை அவளுக்கு.

ஜூன் 14
மாமிக்குத் தடிமன், மூக்கு ஒழுகல். தனியே போனேன். களைத்தபோது ஒரு தோணி நிழலில் இருந்தேன். சனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிறகு எழும்பி, கரைவலைக்காரர்களிடம் கீரி மீன் வாங்கி மெதுவாகத் திரும்பினேன்.

வாசலில் மாமி, செருப்பும் போட்டுக்கொண்டு, தும்மியபடி:
"என்ன விட்டுட்டா போன நீ? நான் இனி ஆரோட கதைக்க?"

கொஞ்சம் களைப்பாறியபின், மாமியைத் தெரு முடக்கு வரைக்கும் கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன்.