கார்த்திகையில் வந்த கதிர்

வெள்ளவத்தை
5.10.1986

மச்சான் நாகேந்திரத்துக்கு,

தில்லைநாதன் சொல்ல, கீழ்வீட்டு யோசெப்பின் ரீச்சர் எழுதுகிறா. இந்த வருசம் எனக்கு மறக்காது. வால்வெள்ளி வந்தது, கட்டுநாயக்காவில் பிளேன் வெடித்தது, அதுவும் போதாதென்று என் வயலை நீ விதைத்தாய். என் தங்கச்சி கௌரி செத்தும் உன்னை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கடையில் தராசு பிடித்த கைக்கு மொட்டைக்கறுப்பன் நெல் ஏன்?

முளைத்ததா? முளை கிளைவிட முன் களை பிடுங்கு. பிறகு நெல்லெது புல்லெது என்று உன் கண்ணுக்குத் தெரியாது. அப்பர் காலத்து விதை. இந்த முறை தவறினால் அடுத்த முறைக்கு ஒரு மணியும் இல்லை.

தில்லைநாதன் (கைநாட்டு)

மிருசுவில்
27.11.1986

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் வயல் இப்பவே கதிர் தள்ளிவிட்டது! ஊரில் வேறெவருக்கும் பயிர் வயிறுகூட வைக்கவில்லை. றோட்டால் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிக்கிறார்கள். பொறாமையாக்கும். இனி என் கையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

நாகேந்திரம்

வெள்ளவத்தை
8.12.1986

மச்சான்,

ரீச்சர் வாசிக்க வாசிக்கச் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. ஆவணிக் கடைசியில் விதைத்த மொட்டைக்கறுப்பன் மார்கழியில்தான் கதிர் தள்ளும். பூத்து, பால் பிடித்து, தையில் தலை சாயும். அதன் பிறகுதான் அரிவாள். கார்த்திகையில் கதிர் தள்ளினது புல்லடா, புல்! புல்லுக்குக் காவல் இருந்திருக்கிறாய். வயலுக்குள் இறங்கினாயா, றோட்டில் நின்று பார்த்தாயா?

தில்லைநாதன் (கைநாட்டு)

மிருசுவில்
19.12.1986

மச்சானுக்கு,

இறங்கவில்லை. களை பிடுங்க ஆள் விட்ட அன்று ஆமி ஹெலிகொப்டர் வந்து சுட்டது. குனிந்து நின்ற பழனியம்மா அப்படியே விழுந்தா. உங்கள் வயலில் ஒதுங்க ஒரு பனையும் இல்லை. பிறகு ஒருத்தரும் வரவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. வாற கிழமை நானே இறங்கிப் பிடுங்குகிறேன். விதைக்கு ஒரு மூடையாவது மிஞ்சும்.

நாகேந்திரம்

வெள்ளவத்தை
2.1.1987

நாகேந்திரம்,

இறங்காதே. இறங்கியிருந்தால் இதைக் கண்டவுடன் ஏறு. நீ பிடுங்கினால் நெல்லைப் பிடுங்கிப் புல்லை விடுவாய். மாடு மேயட்டும். விதை போனால் போகட்டும்.

அந்த வயல் வரம்பில் குந்தியிருந்து சோறு தின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். அப்பர் போனார். அண்ணை கதிர்காமநாதன் போனார். கௌரி போனாள். இப்போது பழனியம்மா. மகள் வீட்டு அறையில் கிடக்கிற என்னை உயிரோடு இருக்கிறவர்களில் சேர்க்காதே. மிஞ்சினது, எல்லாரிலும் ஒன்றுக்கும் உதவாத ஒருத்தன்: நாகேந்திரம்.