செவித்திறன் இயல்பு

மார்ச் 4, செவ்வாய்

முதலுதவி அறைக்கு இன்று மூன்று பேர். ஒரு விரல் வெட்டு, ஒரு தலைசுற்றல், ஒரு பொய். பொய் சொல்லி வந்தது ஸ்பீக்கர். நெஞ்சு வலி என்று கட்டிலில் பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்தார், எழுந்தார், போனார். காது மந்தம் என்பதால் எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார், அதனால்தான் அந்தப் பெயர். அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று.

பிரஸ் கொட்டகையில் யாருக்குத்தான் காது ஒழுங்காக இருக்கிறது? தகரத்தில் டப்பா மூடி அடிக்கிற இருபது மெஷின், நாள் முழுக்க. என் வீட்டுக்காரருக்கு அங்கே இருபத்து மூன்று வருஷம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். நான்தான் முணுமுணுக்கிறேனாம். நான் முணுமுணுத்து இந்த ஜென்மத்தில் யார் பார்த்தது?

மதியம் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிற்சாலை அப்படியே வேறு மாநிலத்துக்குப் போகிறது. அங்கே நிலம், மின்சாரம் எல்லாம் சலுகையில் கொடுக்கிறார்களாம். இங்கே ஏப்ரல் முப்பது கடைசி நாள். யாரைக் கூட்டிப்போவது என்பதை மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு சொல்வார்களாம்.

பரிசோதனை செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? கம்பெனி நர்ஸ் நான் ஒருத்திதான்.

மார்ச் 6, வியாழன்

கேட்டிலிருந்து என் அறை வரைக்கும் பதினோரு வணக்கம். போன வாரம் வரை ஒன்றுதான், அதுவும் வாட்ச்மேன்.

மார்ச் 11, செவ்வாய்

பர்சனல் ஆபீசர் என் அறைக்கே வந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லும் முன் என்னை உட்காரச் சொன்னார். ரத்த அழுத்தம், கண், காது, மூன்றும் பார்க்க வேண்டும். முக்கியமாகக் காது. புது மெஷின்களில் அபாயம் என்றால் மணி அடிக்குமாம், அது கேட்காதவனை அங்கே நிறுத்த முடியாதாம். காதில் தேறாதவர் வர முடியாது.

"டாக்டர் வேணாமா சார்?"

"டாக்டர் எதுக்கு சிஸ்டர்? அவர் கடைசியில வந்து மொத்தமா கையெழுத்துப் போட்டுடுவார். நீங்களே பாருங்க. எல்லாரும் பாஸ் ஆனா எனக்கும் சந்தோஷம்தான்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வருஷா வருஷம் நான் எடுத்த காது சார்ட்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டு முதல் லாரியில் ஏற்றிவிடச் சொன்னார். யார் காது எந்த வருஷம் எவ்வளவு போச்சு என்று அதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்லை. பழைய சார்ட்டைப் பார்த்து யாரையும் கழித்துவிடாமல் இருக்கத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. நானே கட்டினேன், ஒன்பது பெட்டி.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன், அந்த ஆளுக்கும் மனசில் ஈரம் இருக்கிறது என்று. இவர் எழுந்து போய் மாடியில் தண்ணீர் டேங்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

மார்ச் 13, வியாழன்

மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். இவர் வாங்கி, ம்ம், ம்ம், சரிம்மா, ம்ம் என்றார். என்னிடம் கொடுத்த பிறகு அவள் அழுதாள். "அப்பாகிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்றேன், சரிம்மாங்கறார்."

சாப்பிடும்போது கேட்டார், "காதுக்கும் டெஸ்ட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீதானே பண்ணப் போற."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயசில் பிரஸ்ஸை விட்டால் வேறு என்ன தெரியும் இவருக்கு?

மார்ச் 17, திங்கள்

செய்துவிட்டேன்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே அவர், தலையில் ஹெட்போன். வெளியே நான், மெஷினோடு. ஒலியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன்: என் பேனாவைப் பாருங்க, அது நிமிர்ந்தா விரலைத் தூக்குங்க. முதலில் நிஜமாகவே சோதித்துப் பார்த்தேன். பேனாவைத் தொடாமல் ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். ஹெட்போனுக்கு வெளியே எனக்கே லேசாகக் கேட்கிறது. அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவு போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. போன வருஷம்கூட இப்படி இல்லை.

அப்புறம் பேனா நிமிர்ந்தது, விரல் நிமிர்ந்தது. சார்ட்டில் எழுதி சீல் வைத்தேன்: செவித்திறன் இயல்பு.

பத்து நிமிஷத்தில், வாசலில் வரிசையில் நின்று பார்த்த யூனியன் செயலாளர் வந்து கதவைச் சாத்தினார். "உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் பேனா தூக்குவீங்களா சிஸ்டர்?"

மிரட்டலா, கெஞ்சலா? இரண்டும்தான். அவர் காதும் அதே பிரஸ்ஸில் போன காதுதானே.

மார்ச் 20, வியாழன்

நாலு நாளாகப் பேனா தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிக்கிறது. எல்லா சார்ட்டும் ஒரே அச்சாக இருக்கக்கூடாதென்று கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போடுகிறேன். பொய்யிலும் ஒரு தொழில் சுத்தம்.

ஸ்பீக்கர் பதற்றத்தில் நான் பேனா எடுக்கும் முன்பே விரலைத் தூக்கிவிட்டார். இன்னும் மெஷினையே போடலைங்க என்று சைகை காட்டினேன். இறக்கினார். வெளியே வந்து, "கரெக்டா கேட்டுச்சு சிஸ்டர்" என்று கத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். வெகுநாள் கழித்து அந்த அறையில் சிரித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பிரஸ்ஸுக்கு அச்சு மாட்டுகிற டை ஃபிட்டர் மட்டும் மாட்டேன் என்கிறார். சுபாவமே முசுடு. அவர் வீட்டில் ஊரைவிட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாம், தேறாமல் போனால் சண்டை மிச்சம். "கேக்கலன்னா கேக்கலன்னு எழுதுங்க. உங்க பேனா டான்ஸெல்லாம் எனக்கு வேணாம்."

உள்ளதை எழுதினேன். இன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டில் நின்று எல்லோரும் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன்.

மொத்தம் அறுபத்து நாலு பேர். அறுபத்து மூன்று பேருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

ஏப்ரல் 30, புதன்

எல்லோரையும் கொட்டகையில் நிற்க வைத்து ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். மெஷின் எல்லாம் போய்விட்டதால் பேசினால் எதிரொலிக்கிறது.

கவரில் இரண்டு காகிதம். ஒன்று: புதிய இடத்தில் தற்போது காலியிடம் இல்லாததால் தங்கள் பணி இன்றுடன் முடிவடைகிறது. இன்னொன்று என் சார்ட்டின் நகல். கீழே புதிதாக ஒரு வரி அடித்திருக்கிறார்கள்: பணியிலிருந்து விலகும் நாளில் தொழிலாளி முழு உடல்நலத்துடன் உள்ளார். அதற்குக் கீழே என் கையெழுத்து.

முதல் காகிதத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கத்தினார்கள். இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கே புரிய நேரமாச்சு. வேலையில் காது போனால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும், அது சட்டம். போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே. அறுபத்து மூன்று பேருக்கும், ஒவ்வொருத்தராக, உட்கார வைத்து.

காது கேட்காதவர்கள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். பூவைத் தொடுத்துக் கொடுத்தது நான்.

பர்சனல் ஆபீசர் காரில் ஏறும்போது கை கூப்பினார். "உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி சிஸ்டர்."

மே 19, திங்கள்

செயலாளர் பத்துப் பேரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்திருக்கிறார். பாதிக்கு மேல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியின் பதில்: விலகிய நாளில் நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல. பழைய சார்ட் கேட்டதற்கு, லாரியில் மழை பட்டு நாசமாகிவிட்டதாம்.

டை ஃபிட்டருக்கு நஷ்டஈடு வந்துவிட்டது. அவர் ஒருத்தருக்குத்தான். என் சார்ட்டே சாட்சியாம்.

ஜூன் 12, வியாழன்

எனக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பகல் ஷிப்ட்.

இவர் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனார். நடந்ததைக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுப் பையன்தான் என்னிடம் சொன்னான். பேர் என்ன என்று கேட்டதற்கு நாற்பத்தெட்டு என்றாராம். திரும்பக் கேட்டதற்கு இருபத்து மூன்று வருஷ அனுபவம் என்றாராம். அங்கே இருந்த இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறார், எதற்கென்று தெரியாமல். அதை என்னிடம் நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். "நல்ல மனுஷங்க, சிரிச்சுப் பேசினாங்க. கூப்பிடுவாங்க."

ஜூலை 8, செவ்வாய்

செயலாளர், ஸ்பீக்கர், இன்னும் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நான் வந்து நடந்ததைச் சொன்னால் அந்த சார்ட்டுகள் செல்லாது.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலை சிஸ்டர். நாங்களும்தான் விரலைத் தூக்கினோம். அதையும் சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றேன். இரண்டு தரம் சொன்னேன், இரண்டாம் தரம் சத்தமாக. ஸ்பீக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

உள்ளதை எழுதுகிறேன். இங்கேயாவது.

காலையில் அலுவலக நடையில் கம்பெனி வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப மரியாதையான ஆள். "பொய்ச் சான்றிதழ் கொடுத்தேன்னு உங்க வாயாலயே சொன்னா நர்ஸிங் கவுன்சில்ல உங்க பதிவை ரத்து பண்ணிடுவாங்கம்மா. அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் ஊசி எடுக்க முடியாது. ஆமா, வீட்ல இப்ப சம்பாதிக்கிறது யாரு?" நிஜமாகவே அக்கறைப்பட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

உள்ளே சின்ன அறை. தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன். விசாரணை அதிகாரிக்கு மெல்லிய குரல். ஸ்பீக்கர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார், அவர் எழுந்திருக்கவில்லை. "நல்லா நடிக்கிறார்," என்றார் வக்கீல். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். சார்ட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" ஆமாம். "சோதனை முறைப்படி நடந்ததா?"

பின்னால் பெஞ்சில் இவர், ஸ்பீக்கர், மற்றவர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் செயலாளர், என் வாயையே பார்த்துக்கொண்டு. மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு. வாடகை. எல்லாவற்றையும் எழுதி என்ன? பயம். வேறு ஒன்றுமில்லை, பயம்.

"முறைப்படிதான் நடந்தது சார்."

மெதுவாகத்தான் சொன்னேன். டைப் அடிப்பவருக்குக் கேட்டது, அடித்தார். அதிகாரி நிமிர்ந்து செயலாளரைப் பார்த்து, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று கையைக் காட்டினார். நான் மாற்றிச் சொன்னதால், என்னைச் சாட்சிக்கு அழைத்தவரே என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்று அர்த்தம். செயலாளர் எழுந்து கை கூப்பினார். "அவங்க சொன்னதே போதும் சார். எங்களுக்கு வேற கேள்வி இல்லை."

காது கேட்கவில்லை என்று வழக்குப் போட்டவர்கள், காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டார்கள். என்ன சொன்னீங்கம்மா, இன்னொரு தரம் சொல்லுங்க என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால். கேட்டிருந்தால் மட்டும் மாற்றிச் சொல்லியிருப்பேனா? தெரியலை. என்னை நானே ஏமாத்திக்க இன்னிக்குத் தெம்பு இல்லை.

வாசலில் இவர், "சொல்லிட்டியா?" என்றார். தலையாட்டினேன். சிஸ்டர் சொல்லிட்டாங்க என்று ஸ்பீக்கர் தெருவுக்கே அறிவித்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வார்டில் இன்று ஒன்பது ஊசி. கை நடுங்கவே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர் என்னிடம் இவ்வளவு பிரியமாக இருந்ததே இல்லை. பாத்திரம் கழுவுகிறார், என் யூனிஃபார்மைத் தேய்த்து வைக்கிறார். வேலையைப் பணயம் வைத்துச் சொன்னவள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் பேசுகிறாராம். மகளிடம்கூட. "உங்கம்மாவுக்கு என்ன தைரியம்" என்று.

இன்று அவர் பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். சாதாரணக் குரலில். "நான் அன்னிக்கு உண்மையைச் சொல்லலைங்க. பயந்துட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், அடுத்ததை எடுத்தார்.

சொன்னதாகச் சேருமா இது?

அக்டோபர் 6, திங்கள்

பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஏழு பக்கம். கோரிக்கை தள்ளுபடி என்பது கடைசிப் பக்கத்தில். ஐந்தாம் பக்கத்தில் என் பெயர், அதற்குக் கீழே கேள்வி, கேள்விக்குக் கீழே என் பதில். வார்த்தை மாறாமல் அடித்திருக்கிறார்கள்.

ஒளித்து வைக்கலாம் என்று பார்த்தேன். செயலாளருக்கும் ஒன்று போயிருக்கும். மேஜைமேல் வைத்துவிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படிக்கிறார். எதையும் தாண்டிப் போக மாட்டார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. மூன்று முடிந்தது. நாலு.

பக்கத்தைத் திருப்பினார்.

"ஏய், உன் பேரு போட்டிருக்காங்க பாரு," என்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.