வட்டி குறைந்துவிட்டது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நீ இருக்கிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உறையைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. பேங்க் உறைதான். உள்ளே மேலாக இருப்பதும் பேங்க் தாள்தான். அதற்கு அடியில் மடித்து வைத்திருப்பது நான். பேங்கிலிருந்து எது வந்தாலும் பிரிக்காமல் வண்டி சீட்டுக்கு அடியில் செருகிவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். நீ போன பிறகு வண்டியைக் கழுவியபோது ஒரு கட்டு கிடைத்தது. இதையும் அப்படிச் செருகிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். பிரித்தால்தானே இதைப் படிக்கப் போகிறாய், அதை உள்ளே எழுதி என்ன பயன்? எனக்கும் புத்தி பேதலித்துவிட்டது.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது, அதுதான் தொந்தரவு. நீ தூரத்தில் லாரி ஓட்டுகிறாய், போன் பேச நேரமில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். "லாரிக்காரன் சாப்பிடக்கூட இறங்க மாட்டானாடி?" என்று கேட்கிறாள். உன் மாமாவுக்கு முதுகு வலி அதிகம். மருந்து தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். உன் மருமகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். உன் பழுப்பு நிற ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள், கழற்றித் துவைக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். சலவைக்கடையில் முதலாளி புதிதாக ஒரு ஆவி இஸ்திரி மெஷின் வாங்கியிருக்கிறார். ஆறு மாதமாக யாரும் வந்து எடுக்காத துணிகளை யாருக்காவது கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். உன்னுடைய இரண்டு சட்டைகளும் இன்னும் தொங்குகின்றன. நான்தான் சீட்டை மாற்றி மாற்றிக் குத்திவைக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டு பேர் வந்த காலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. செருப்போடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா முன்னால், "கார்டு கடன் கட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா மீசை?" என்று ஒருவன் கேட்டான். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர்களைத் தெருமுனை வரை துரத்தினேன். திரும்பி வந்தால் நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். டயருக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்றாய். அன்று மத்தியானம் வண்டி காற்றடிக்கும் கடை வாசலில் நின்றது, சாவி உள்ளேயே இருந்தது. உன் போன் அப்போது அணைந்ததுதான்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் தலை நிமிராமல், "கடன்காரன் போனை அணைச்சிட்டுப் போறது தினம் நடக்கறதும்மா, காசு வந்தா அவனே வருவான்" என்றார். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்றார். உன் மாமா என்னை வெளியே உட்காரச் சொன்னார், நான் கேட்கவில்லை. முகத்துத் துணியை எடுக்கும் முன்பே காலைக் காட்டுங்கள் என்றேன். கட்டைவிரல் உன்னுடையது இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, உன் வயதுதான் இருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. அந்தப் பிணத்தின் முன்னால் சந்தோஷப்பட்டேனே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பேங்கிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன் கார்டுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் அல்லவா, அந்த உரிமையில். நீ இரண்டு தவணை தள்ளிக் கட்டியதால், நூற்றுக்கு மாதம் இரண்டு என்றிருந்த வட்டியை மூன்றரை ஆக்கிவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம். வண்டிக்கு இன்ஜின் வேலை பார்க்க வாங்கிய கடன், ஊதாரித்தனமா செய்தாய்? காணாமல் போனவன் தலையிலும் வட்டியை ஏற்றுவார்களா? நேராகப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். சலவைக்கடை கவுண்டரில் நின்று பட்டன் போச்சு, சாயம் போச்சு என்று எத்தனை புகார் வாங்கியிருக்கிறேன். பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? முதல் வரியில் வருத்தம் தெரிவிப்பார்கள், இரண்டாவது வரியில் முடியாது என்பார்கள்.

அப்படியேதான் வந்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. இந்தக் கணக்கில் கடைசியாகப் பணம் செலுத்தப்பட்டது போன மாதம் பன்னிரண்டாம் தேதி என்று.

கடையில் நின்றுகொண்டுதான் படித்தேன். இஸ்திரிப் பெட்டியை ஒரு டாக்டரம்மாவின் ரவிக்கை மேல் வைத்துவிட்டேன், அது கருகிப் போனது. என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொள்ளட்டும். போன மாதம் நீ எங்கேயோ ஒரு கவுண்டர் முன்னால் நின்று, கையால் காசை எடுத்து, கட்டியிருக்கிறாய். கடனைக் கட்டுகிறவன் உயிரோடு இருக்கிறவன். அன்றிரவு அம்மாவிடம் நீ நன்றாக இருக்கிறாய் என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னிக்கு நிஜம் சொல்ற" என்றாள்.

அதற்கப்புறம் எனக்குப் புகார்தான் வேலை. சும்மா போய்க் கேட்டால் கணக்கு விவரம் தர மாட்டார்கள், அது உன் சொந்த விஷயமாம். புகார் கொடுத்தால் பதில் எழுதியே ஆக வேண்டும், பதில் எழுதினால் அந்த மூன்றாவது வரி வந்தே தீரும். ஆனால் ஒரே புகாரைத் திரும்பக் கொடுத்தால் ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும். வட்டிக்கு வட்டி ஏன் என்று எழுதினேன். தாமதக் கட்டணத்துக்கும் வட்டியா என்று எழுதினேன். தமிழில் ஏன் அறிவிப்பு தரவில்லை என்றுகூட எழுதினேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருக்கிறாள். என்னைக் கண்டாலே, "வாங்கக்கா, இந்த மாசம் என்ன பிரச்சனை?" என்பாள். மற்றவர்கள் என்னைப் பைத்தியம் என்று பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. பேசட்டும். மாதாமாதம் எனக்கு ஒரு தேதி வந்தது.

உன் மாமாதான் பொறுமை இழந்துவிட்டார். "வளையல வித்துக் கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருக்கலாமே, எதுக்கு அந்த வாசல்லயே போய் நிக்கற?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். விற்றால் முக்கால்வாசி அடைந்திருக்கும், மீதியைத் தவணையாகக் கட்டியிருக்கலாம். நான் மாட்டேன் என்றேன். "பொறந்தவனவிட வளையல் பெருசாப் போச்சா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை. என்ன சொல்வேன்? கடனை அடைத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும், நீ கட்ட வேண்டியிருக்காது, நீ கட்டாவிட்டால் நீ இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? உன்னை மூன்றரை வட்டியில் நிற்க வைத்துவிட்டு நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இது பாவமா என்று எனக்குத் தெரியவில்லை. பாவமாகவே இருக்கட்டும்.

கடைசியில் என் வாய்தான் என்னைக் கெடுத்தது. புதிதாகக் குறை ஒன்றும் கிடைக்காமல், வட்டியை ஏற்றுவதற்கு முன்னால் எழுத்து மூலம் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சொன்னோம், மார்ச் மாதக் கணக்கோடு வைத்து அனுப்பினோம் என்று பதில் வந்தது. அதிலும் தேதி இருந்தது, அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உன் வண்டி சீட்டுக்கு அடியில் இருந்த கட்டு ஞாபகம் வந்துவிட்டது. மார்ச் மாத உறை அதில் ஒட்டியபடியே இருந்தது. உன் பெயருக்கு வந்தது என்று நானும் பிரிக்காமல் வைத்திருந்தேன். அப்படியே தூக்கிக்கொண்டு பேங்கின் குறைதீர்ப்பு அதிகாரியிடமே போய்விட்டேன். மேஜை மேல் போட்டு, "உங்க கையாலயே பிரிங்க சார்" என்றேன். பிரித்தார். கணக்குத் தாள் ஒன்று, கடன் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு விளம்பரம். வேறு எதுவும் இல்லை. உறைக்குள் ஊதிக்கூடப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு திருப்தி. நீ வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. தவறு பேங்க் மேல்தான். பழைய வட்டியே போடப்படும், அதிகம் வாங்கியது கணக்கில் கழிக்கப்படும், புகார் முடித்துவைக்கப்பட்டது. மூன்றாவது வரி இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜெயித்தவர்களுக்கு அந்த வரி எழுதுவதில்லை போலிருக்கிறது. உன் மாமா அன்றைக்குத்தான் சிரித்தார், "பரவாயில்லடி, சாதிச்சிட்ட" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் போய் நின்றேன். "அக்கா, ஜெயிச்சிட்டீங்களே, இன்னும் என்ன?" என்றாள். கடைசியாகப் பணம் வந்த தேதியை மட்டும் சொல்லு என்றேன். கணக்கைத் திறக்க இனி காரணம் இல்லை என்றாள். என் தம்பிம்மா, ஒரு வருஷமாகக் காணோம், நீ அனுப்புகிற அந்தத் தேதிதான் எனக்கு அவன் என்று சொன்னேன். இத்தனை மாதமும் வட்டிக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று நினைத்திருந்தாள், பாவம். பிறகு மெதுவாக விசையைத் தட்டித் திரையைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா எதுவும் வரலக்கா" என்றாள்.

தம்பி, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாரோ நாற்காலி கொடுத்தார்கள்.

நீ முகவரி மாற்றிக் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னாள். எந்த ஊர் என்று சொன்னால் அவள் வேலை போய்விடும், நானும் கேட்கவில்லை. வட்டி குறைந்த சேதி கார்டு வைத்திருப்பவருக்கும் போக வேண்டும், அந்த உறைக்குள் உங்கள் கடிதத்தையும் வைத்துவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். நல்ல வீட்டுப் பிள்ளை. அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உறை திரும்பி வந்தால் எனக்குச் சொல்லாதேம்மா, கிழித்துப் போட்டுவிடு என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்த இரண்டு பேர் இனி வர மாட்டார்கள், அதையும் புகாரில் எழுதி நிறுத்தியாகிவிட்டது. வட்டி பழையபடி இரண்டுதான், மேலே இருக்கும் தாளைப் படித்துப் பார், பேங்க் முத்திரையே இருக்கிறது. வளையலை முந்தாநாள் விற்றுவிட்டேன், பணம் பீரோவில் அம்மாவின் புடவைக்கு அடியில் இருக்கிறது. நீ வந்தால் நாளைக்கே கொண்டுபோய்க் கட்டிவிடலாம். மானம் போச்சு, மூஞ்சியைக் காட்ட முடியாது என்று நினைத்தால், வர வேண்டாம். எழுத வேண்டாம். போன் வேண்டாம். உடம்பு சரியில்லாமல் எங்கேயாவது படுத்திருந்தால் மட்டும், பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது என் நம்பரைக் கொடு, உன் மாமா முதுகு வலியோடு அங்கேயே வந்து நிற்பார்.

இல்லையென்றால் ஒன்றே ஒன்று செய். அந்தக் கணக்கில் ஏதாவது கட்டு. பத்து கட்டு, ஐந்து கட்டு, டீ குடிக்கிற காசைக் கட்டு. அந்தப் பெண் மாதாமாதம் பன்னிரண்டாம் தேதி எனக்காகத் திரையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். பேங்குக்காகக் கட்டாதே, அவர்கள் கிடக்கிறார்கள். எனக்காகக் கட்டு.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் ஈரத் தலையோடு திரியாதே. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், எனக்கு முடியாததை அவராவது பார்த்துக்கொள்ளட்டும். எந்த ஊரிலாவது, எந்த மூலையிலாவது, என்ன பெயர் சொல்லிக்கொண்டாவது, கடன்காரனாகவே இருந்தாலும் பரவாயில்லை,

இருடா.

உன் அக்கா