கண்ணுக்குள் ஜன்னல் தெரிந்த படம்

அக்கா,

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இரும்புலியூரில் நம் வீட்டு பீரோவுக்குப் பின்னால் பதினோரு மாதமாக ஓய்வெடுத்து வந்த திருவாளர் தெர்மகோல் அட்டை, இன்று காலை பத்து மணியளவில் நம்மை விட்டுப் பிரிந்தார். உயரம் மூன்றடி, அகலம் இரண்டடி, நிறம் வெள்ளை, குணம் சாது. மரணத்துக்குக் காரணம் கடி. கடித்தவர் உன் மகள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மொத்தம் நான்கே பல்லை வைத்துக்கொண்டு ஒரு மூலையையே தின்று தீர்த்திருந்தாள். வாயில் விரலை விட்டு வெள்ளை உருண்டைகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். விரலுக்கும் ஒரு கடி கிடைத்தது. இறுதிப் பயணம் நாளை காலை குப்பை வண்டியில் புறப்படும்.

இதை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தால் "லூசு" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருப்பாய். உன் போன் இப்போது உன் அருமைக் கணவரிடம் இருக்கிறது. யாரும் கூப்பிடாத அந்த நம்பருக்கு மாமா மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். அதனால் பேப்பரில் எழுதுகிறேன்.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போது பின்பக்கத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஸ்கெட்ச் பேனாவில் 'தம்பி தொடாதே' என்று எழுதி வைத்திருந்தாய். 'தம்பி'யை உன் மகள் தின்றுவிட்டாள். 'தொடாதே' மட்டும் மிச்சம்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய அம்மாவையும் குழந்தையையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் படம் எடுப்பது உன் தொழில். உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வருவது என் ஞாயிற்றுக்கிழமை. ஜி.எஸ்.டி ரோட்டில் லாரி கடக்கும்போதெல்லாம் காற்றடித்து நான் பாய்மரக் கப்பலாகிவிடுவேன். "டேய், அதைப் படுக்க வைடா" என்று கத்துவாய். "படுக்க வெச்சா பறக்கும், நிக்க வெச்சா கவுக்கும். எது வேணும்னு சொல்லு" என்பேன். நீ எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. ஸ்டாண்டு தூக்கச் சோம்பல்பட்டு என்னை ஸ்டாண்டாக வைத்திருந்தாய், அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன், இன்றைய தேதியில் தாம்பரம் வட்டாரத்திலேயே தலைசிறந்த தாய்-சேய் போட்டோகிராபர் உன் தம்பிதான். ஆதாரம் கேட்பாய். உன் படம்தான் ஆதாரம். அதற்கு வருகிறேன்.

பம்மலில் ஒரு வீடு ஞாபகம் இருக்கிறதா? ஒற்றை அறை, மேலே கட்டிய கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணி. மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குழந்தையைப் பெற்ற பெண் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"அது இன்னாத்துக்கு யம்மா, தலகூட வாராம கீது. கொயந்தைய மட்டும் எடுத்துக் குடு."

"எடுக்கறேன்மா. ஆனா குழந்தை யார் மடியில படுத்துக்கிட்டிருந்துச்சுன்னு அப்புறம் தெரிய வேணாமா?" என்றாய் நீ.

அப்புறம் உன் பூஜை ஆரம்பமானது. முதலில் டியூப்லைட்டை அணைத்தாய். "வெளிச்சத்த அணைச்சுட்டு இன்னா போட்டோ" என்று மாமியார் என்னைப் பார்த்தார். "இது வேற வெளிச்சம் பாட்டி, கரன்ட் பில்லு வராது" என்றேன். ஜன்னல் கம்பியில் வெள்ளை வேட்டியைக் கிளிப் போட்டு மாட்டினாய். சுள்ளென்று வந்த வெயில் பால் மாதிரி ஆனது. உன் உள்ளங்கையை நீட்டி, ஜன்னல் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பிப் பார்த்தாய். கை நன்றாகத் தெரிகிற இடத்தில் அதையே ஒரு படம் எடுத்துக்கொண்டாய். எந்த வீட்டுக்குப் போனாலும் உன் முதல் படம் உன் உள்ளங்கைதான். "குழந்தை முகத்துல சோதனை பண்ணக் கூடாதுடா" என்பாய்.

அந்தப் பெண்ணை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, முகத்தை மட்டும் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னாய். குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து கன்னம் என்று இறங்கும். கால் ஜன்னல் பக்கம் இருக்கும்படி படுக்க வைத்தால் தாடையிலிருந்து மேலே ஏறும். அதற்கு நீ வைத்த பெயர் பேய் லைட். எதிர்ப்பக்கம், ஜன்னல் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பியடிக்க, நான் தெர்மகோலோடு. கிட்டே வந்தால், "முகம் தோசை மாதிரி தட்டையாயிடுச்சு, தள்ளிப் போ." தள்ளிப் போனால், "பாதி முகத்தைக் காணோம், வா." கடைசியில் அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. ஜன்னல். அது தெரிந்தால்தான் நீ க்ளிக் செய்வாய்.

படத்தைக் கேமராவிலேயே பார்த்த அவள் புருஷன், "கொஞ்சம் கலராக்க முடியுமா மேடம்?" என்றார். "அவங்க கலர்லயே இருக்கட்டும் சார். இந்தப் பாப்பா பெருசானதும் அந்தக் கலரைத்தான் தேடும்" என்றாய். வண்டியில் வரும்போது நான், "நீ பேசாம வசனம் எழுதப் போயிடு" என்று கிண்டலடித்தேன்.

உனக்கு ஏழு மாதம் ஆனபோது ஸ்கூட்டர் நின்றது. சீமந்தம் முடிந்து நம் வீட்டுக்கு வந்தாய். வந்ததும் முன்னறை ஜன்னலைத்தான் பார்த்தாய். பத்து மணிக்கு எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் அடித்து, அந்தச் சுவரிலிருந்து நம் அறைக்குள் வெளிச்சம் வழியும். "எனக்கும் பாப்பாவுக்கும் இங்கதான். நீதான் எடுக்கற" என்றாய்.

அதற்கு ஒத்திகை வேறு. உன் நைட்டி, துப்பட்டா, கையில் தலையணை உறைக்குள் மூன்று கிலோ அரிசி, தலைக்கு ஒரு தேங்காய், தேங்காய்க் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அம்மா வேஷத்தில் நான். "லைட்டு பத்தலன்னா அமாவாசை வேஷம்னு சொல்லிடலாம்" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "டேய், அன்பாப் பாரு. சட்னிக்குப் பாக்கற மாதிரி பாக்காத." உள்ளங்கையில் ஆரம்பித்து, என்னை நாற்பத்தொரு படம் எடுத்தாய். எங்கே உட்கார்வது, அட்டை எங்கே சாய்வது என்று தரையில் சாக்பீஸால் குறித்தாய். மறுநாள் நம் தேங்காய்க் குழந்தையை அம்மா நிஜமாகவே சட்னி அரைத்துவிட்டார்.

பாப்பா பிறந்தாள். ஆஸ்பத்திரியில் வந்தவர்கள் எல்லோரும் போனை நீட்டினார்கள். மாமா ஒருவரே இருபது படம் எடுத்தார். எல்லாவற்றிலும் பாப்பா. உன்னுடையது என்று பார்த்தால் ஒரு படத்தில் முழங்கை இருக்கிறது. ஊரிலுள்ள அம்மாக்களையெல்லாம் படத்துக்குள் இழுத்துப் போட்ட உன்னை இழுத்துப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "முப்பது நாள் ஆகிற வரைக்கும் போட்டோ கீட்டோன்னு யாரும் வரக் கூடாது. கண்ணு பட்டுடும்."

நீ இருபத்திரண்டாம் நாள் வரை பொறுத்தாய். அன்று அம்மா தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், "கேமராவை எடுடா" என்றாய். நான் வேட்டியை மாட்டினேன். அட்டையை நாற்காலியில் சாய்த்தேன். நீ சாக்பீஸ் குறியில் உட்கார்ந்தாய். முகம் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அம்மா கட்டிவிட்ட துணியால் காது இரண்டும் மூடியிருந்தது. அதை அவிழ்த்துக் கீழே வைத்தாய். பாப்பாவின் தலை ஜன்னல் பக்கம். வெளிச்சம் அவள் நெற்றியில் ஆரம்பித்து உன் கையில் வந்து முடிந்தது. அவள் கொட்டாவி விட்டாள். நீ அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். உன் இரண்டு கண்ணிலும் ஜன்னல், நான்கு கம்பியோடு.

"வந்துருச்சாடா?"

"வந்துருச்சுக்கா. அசையாத, இன்னொண்ணு."

இருபது தடவை க்ளிக் சத்தம் கேட்டது. பாப்பா அழ ஆரம்பித்தாள். கேட் சத்தமும் கேட்டது. பர்ஸை மறந்துவிட்டு அம்மா பாதி வழியில் திரும்பியிருந்தார். வேட்டி கட்டிலுக்கு அடியில், அட்டை பீரோவுக்குப் பின்னால், நீ காதில் துணியைக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல. "மெமரி கார்டை பத்திரமா வை" என்று என் காதில் சொன்னாய்.

சாயங்காலமே உனக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கினாய். ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிருமி என்றார்கள், இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். இரண்டு நாள் என்று அவர்கள் சொன்னது நான்காம் நாள் உன்னோடு முடிந்துபோனது. மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டபோது நீ கேட்டது அதைத்தான்: "படம் எப்படிடா வந்திருக்கு?"

"ரெண்டு கண்ணுலயும் ஜன்னல்க்கா."

நீ மாமாவிடம் திரும்பி, "போட்டோ எடுத்தாச்சு. தம்பிகிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க" என்றாய். அம்மாவும் அங்கேதான் நின்றார்.

இப்போது உன்னைச் சுவரில் பார்க்க வேண்டும் நீ. அவசரத்துக்கு ஆதார் அட்டைப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தார்கள். நேர் எதிரே ஃபிளாஷ். முகம் தோசை. பிரிண்ட் கடைக்காரன் தன் பங்குக்கு மூன்று சுற்று வெளுப்பாக்கி, பின்னால் நீல வானம் வைத்திருக்கிறான். சுற்றிச் சீரியல் பல்பு ஓடுகிறது. அத்தைகள் எல்லாம், "எவ்ளோ கலரா இருக்கா பாரு" என்றார்கள். உயிரோடு இருந்தபோது ஒருத்தியும் சொன்னதில்லை. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். "எடிட்டிங்ல இருக்கு மாமா" என்றேன். அப்புறம் "ப்ளஸ் டூ எக்ஸாம்" என்றேன். "சர்ப்ரைஸ், பிறந்தநாளுக்குத் தரேன்" என்றேன். வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது, பாப்பா கொட்டாவி விட்டது, ஜன்னலின் நான்கு கம்பி என்று ஒவ்வொரு தடவையும் கூடுதலாக விவரிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போன வாரம் ஒரு பெரிய ஃபிரேம் வாங்கி வந்து ஆணி அடித்து மாட்டிவிட்டார். கடையில் வைத்துக் கொடுத்த மாதிரிப் படம் இன்னும் அதற்குள் இருக்கிறது. ஏதோ வெளிநாட்டுக்காரி, மடியில் பொன்முடிக் குழந்தை. "உன் படம் வந்ததும் மாத்திக்கலாம்டா" என்றார்.

நேற்று பாப்பா சுவரைப் பிடித்து நின்று, அந்த வெளிநாட்டுக்காரியை விரலால் காட்டி "ம்மா" என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முப்பது நாள் பொறுத்திருக்கலாம்ல. அந்தப் போட்டோ பிடிச்சதுலதான்..." முடிக்கவில்லை. பதினோரு மாதமாக அவர் அதை முடித்ததில்லை.

அக்கா, அன்றைக்குக் கேமராவில் கார்டு இல்லை.

நீ பாப்பாவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முன்பு ஒரு தடவை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் எடுப்பதுபோல் உன்னை ஏமாற்றினேனே, அது மாதிரி ஒரு விளையாட்டு. 'கார்டு இல்லை' என்று கேமரா கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இருபது வெறும் க்ளிக். முடித்ததும் நீ பார்க்க வாங்குவாய், ஒன்றும் இருக்காது, செருப்பைத் தேடுவாய், சிரித்துவிட்டு நிஜமாக எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். கேட் சத்தம் கேட்டது. சரி, நாளை பத்து மணிக்கும் அதே சுவரில் அதே வெயில் வரும் என்று நினைத்தேன். வந்தது. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

எடுக்காத போட்டோவுக்கு எப்படிக் கண்ணு படும் என்று அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் அவர் மனதில் அந்த ஒரு பாரமாவது குறையும். அதற்குக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கார்டு என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது, எங்கே போனாலும் எடுத்துப் போகிறேன். பத்திரமாக வை என்று நீ சொன்ன ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். அதில் துப்பட்டா போட்ட நான் நாற்பத்தொரு தடவை தேங்காயைக் கொஞ்சுகிறேன். அதற்கு முன்னால் உன் உள்ளங்கை. ஆக்சிலரேட்டர் பிடித்துக் காய்த்துப்போன இடம்கூடத் தெரிகிறது. உன் கலரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்த உள்ளங்கைப் படத்தை ஃபிரேமில் போடலாமா என்று கேட்க வேண்டும். சொல்லிப் பழகத்தான் முதலில் உன்னிடம் எழுதுகிறேன்.

தலைசிறந்த போட்டோகிராபர் என்று மேலே எழுதியிருக்கிறேன் இல்லையா, அதை நீயே அடித்துவிடு. அந்த உள்ளங்கையும் நீ எடுத்ததுதான். தேங்காயும் நீ எடுத்ததுதான். நான் எடுத்தது இன்று காலை உன் மகள் வாயிலிருந்து கொஞ்சம் தெர்மகோல், அவ்வளவுதான்.