மைக்கை மூட மறந்தேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

அப்பா தூங்கிவிட்டார். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொரோனாவால் மாதா கோயில் மூடியதிலிருந்து எங்கள் பாடகர் குழு போனில், வீடியோ காலில்தான் கூடுகிறது. எல்லாரும் சேர்ந்து பாடினால் குரல்கள் முன்னும் பின்னுமாக வந்து குழம்பும். அதனால் மைக்கை மூடிக்கொண்டே பாடுவோம். பாட்டு மாஸ்டர் யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் மட்டும் திறந்து ஓர் அடி பாடிக் காட்ட வேண்டும். இன்று நான் பாடினேன். "நல்லாருக்கும்மா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் மூட மறந்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பா அம்மாவிடம் தொடங்கினார். "இதெல்லாம் ஒரு கொழம்பாடி? ஒங்கப்பன் வூட்லயே கெடக்க வேண்டியதுதான?" தட்டு விழுந்தது. அறை விழுந்த சத்தமும் கேட்டது.

திரையில் பதினெட்டு முகங்களும் அப்படியே நின்றன. மூலக்குளம் ஸ்டெல்லா அக்கா குனிந்து பாட்டு நோட்டைப் புரட்டினார். மாஸ்டர், "ரெஜினா, மைக்க ஆஃப் பண்ணும்மா. அடுத்து யாரு, தாமஸா?" என்றார்.

வெளியே கேட்டுவிட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் அம்மாவை என்ன செய்வாரோ. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். உதடு வீங்கியிருந்தது. "டிவி சத்தம்னு குரூப்புல போட்டுடு பாப்பா. அவரு காதுக்குப் போவக் கூடாது" என்றாள். போட்டேன்.

கோயில் மூடும்வரை ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படித்தவர் அப்பாதான். அந்தக் குரலை அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் ஐந்தே நிமிடத்தில் ஒவ்வொருவராகக் கட்டைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பிவிட்டார்கள். டிவியில் என்ன படம் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.