தேதி குறிக்காத சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 10, 2024, சனி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவு எடுத்தேன். பொறையாற்று யேசுராஜைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பாருக்கு அழைத்துப் போவதில்லை. கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றும் உணவகம், அங்கே அழைத்துப் போவது. இதன் விளைவுகள் தலைமுறை தாண்டி நிற்கும் என்று தோன்றுகிறது. ஒரு கல்லூரி நூலகருக்கு இப்படிப்பட்ட தருணங்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். போன ஞாயிறு யேசுராஜும் அவர் மனைவியும் மகன் அருளப்பனும் எங்கள் சலோமியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கும்பகோணத்தில் வங்கி வேலை. அதிகம் பேசவில்லை. காபி குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தான். அதைப் பார்த்துவிட்டு சலோமி, “சரிப்பா” என்றாள். முப்பத்தொரு வயதில், ஏழெட்டுப் பேர் வந்து போன பிறகு, அவள் சொன்ன முதல் சரி. ஜூலியட் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாக்கி தேதி மட்டும்தான். “அத ஆம்பளைங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சுக்குங்க” என்றார் யேசுராஜின் மனைவி. “சனிக்கிழமை வரேன் சார்” என்றார் யேசுராஜ். தமிழ்நாட்டில் இருப்பவர் காரைக்காலுக்குச் சனிக்கிழமை வருகிறேன் என்றால் எதற்கு என்று கேட்பது மரியாதையல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவனை எந்த உறவினரும் மறப்பதில்லை. துக்கம் விசாரிக்கக்கூடச் சாயங்காலமாகத்தான் வருவார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்றுப் போன உணவகத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மூன்று எஃகுத் தொட்டிகள். வருகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார்கள். கோவிலில் இந்த அமைதி கிடைப்பதில்லை. மேலாளர் சுப்ராயன் பெங்களூரில் தொழில் கற்றவர். மரப்பலகையில் நாலு சின்னக் குவளைகளை வைத்து ஒவ்வொன்றாக விளக்கினார்.

“இது கோதுமை பீர் சார். ஆரஞ்சுத் தோலு, கொத்தமல்லி விதை சேத்திருக்கோம்.”

“ரசத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கே தம்பி,” என்றார் யேசுராஜ். “புளி மட்டும் ஏன் விட்டுட்டீங்க?”

சொன்னவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

எங்கள் நூலகத்தில் மதுவிலக்கு பற்றி ஒரு புத்தகம் இருந்தது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதை எடுத்துப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை என்றேன். வழக்கமாக இப்படி நான் சொன்னால் வீட்டில் “அபராதம் போடலியா?” என்பார்கள். யேசுராஜ் குவளையைக் கீழே வைத்தார்.

“சீக்கிரம் படிச்சு முடிக்கிற விஷயமில்லையே சார்.”

இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. நெத்திலி வறுவல் நன்றாக இருந்தது. தேதி பற்றிப் பேச நேரமில்லை.

செப்டம்பர் 7, சனி

இன்றும் வந்தார். ஐந்தாவது வாரம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண் வீட்டுக்காரன் நானாகத் தேதி கேட்கக்கூடாது. கேட்டால் பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிறோம் என்று அர்த்தம். அவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் வருகிற விருந்தாளியைச் செலவு செய்ய விடுவது எனக்கு அழகல்ல. அடுத்தவர் உபயத்தில் குடித்துக்கொண்டே “கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?” என்று கேட்பது அவருக்கு அழகல்ல. ஆக, இரண்டு பேரும் மிகுந்த நாகரிகத்தோடு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு தடவை “சம்பந்தி” என்று ஆரம்பித்தார். பிறகு நுரையைப் பார்த்தார். “சார், அந்தக் கணவாய் வறுவல் ஒண்ணு சொல்லுங்களேன்” என்று முடித்தார்.

செப்டம்பர் 21, சனி

கருப்பு பீர். இறால். தேதி இல்லை.

அக்டோபர் 19, சனி

புறப்படும்போது ஜூலியட் வாசல்வரை வந்தாள்.

“என்னங்க, இன்னிக்காவது பேசிட்டு வாங்க. அந்தச் சாராயம் காய்ச்சுற எடத்துல அப்படி என்னதான் பேசுறீங்க வாராவாரம்?”

“பீர் வேறு, சாராயம் வேறு.”

“தேதியும் வேறதான்.”

என் மனைவிக்கு நகைச்சுவை வராது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சலோமியும் அருளப்பனும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போகிறாள். இறங்கி வரும்போது ஏதாவது பாட்டை முணுமுணுக்கிறாள். அவள் பாடி நான் கேட்டதில்லை.

நவம்பர் 23, சனி

அடுத்த வாரம் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. இது எனக்குத் தெரியும், யேசுராஜுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வருத்தத்தோடு பேசினோம், ஏதோ அடுத்த தெருவில் நடக்கும் விஷயம் போல.

பேருந்து ஏறும்போது சொன்னார்: “பூவம் சோதனைச் சாவடியில பாட்டிலத்தான் சார் தேடுறான். வயித்துல கொண்டுபோறதுக்கு இன்னும் சட்டம் வரல.” வழியெல்லாம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த சலோமி என் சிரிப்பைப் பார்த்து, “பேசிட்டீங்களாப்பா?” என்றாள். நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள்.

டிசம்பர் 28, சனி

கிறிஸ்துமஸ் சிறப்பு: கிராம்பு, பட்டை போட்ட பீர். இருமல் மருந்து என்றேன் நான். “இருமல் இருக்கவங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு” என்றார் அவர்.

ஜனவரி 11, 2025, சனி

மத்தியானம் சலோமி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, தவக்காலம் மார்ச்சுல வந்துடுது, அப்பவும் கல்யாணம் கிடையாது. அதுக்கு முன்னால மூணு ஞாயிறு கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். இப்பக் கேட்டாத்தான் உண்டு. அவங்க கேக்கட்டும்னு நீங்க இருந்தது போதும். நீங்களே கேட்டுடுங்க.”

“பெண் வீட்டில் கேட்பது…”

“எனக்கு அவமானமில்லப்பா. நான்தானே சொல்றேன்.”

கேட்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். உணவகத்துக்குப் போகும் வழியில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது.

இன்று கவுனி அரிசி பீர் முதல் தடவையாகத் திறந்தார்கள். சுப்ராயன் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார், நாங்கள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கையாளர்களாம். சிவப்புக் கறுப்பாக, லேசான புளிப்போடு இருந்தது. யேசுராஜ் தன் அப்பா வீட்டில் தீபாவளிக்குப் பிடித்த எலியைப் பற்றி ஒரு கதை சொன்னார். அப்படி ஒரு கதையை நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நடுவில் தேதியைக் கொண்டுவந்து வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

இல்லை. இடம் இருந்தது. கதை முடிந்ததும் சிரிப்பு அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பில்லைக் கேட்டேன்.

தேதி குறித்துவிட்டால் அவர் ஏன் இனிமேல் சனிக்கிழமை வரப்போகிறார்?

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜூலியட்டும் சலோமியும் கேட்டார்கள். “கேட்டேன்” என்றேன். “கொஞ்சம் யோசிக்கணும்ங்கிறார்.”

ஜூலியட், “ஆறு மாசம் கழிச்சு என்ன யோசனை?” என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சலோமி கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் கேட்டுவிடலாம். கேட்டுவிட்டு, யோசித்து முடித்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜனவரி 25, சனி

கேட்கவில்லை. யேசுராஜ் இன்று கொஞ்சம் பேச்சில்லாமல் இருந்தார். வயிறு சரியில்லையோ.

பிப்ரவரி 15, சனி

சலோமி மாடிக்குப் போவதில்லை. போன் அடிக்கிறது, பார்க்கிறாள், குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள். “எடேண்டி” என்றாள் ஜூலியட். “யோசிக்கிறவங்க யோசிக்கட்டும்மா. நான் போன்ல கெஞ்சணுமா?”

நான் செய்தித்தாளைப் புரட்டினேன். மாலையில் வழக்கம்போல.

மார்ச் 1, சனி

புதன் முதல் தவக்காலம். இருவரும் ஈஸ்டர் வரை குடிப்பதில்லை என்று கை கொடுத்துப் பிரிந்தோம். விசுவாசத்தில் எங்களைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 5, சனி

மாலைகள் நீளம். அந்த எலிக் கதையை ஜூலியட்டிடம் சொன்னேன். “பாவம், அப்புறம் எலிக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

ஏப்ரல் 26, சனி

எப்படி எழுதுவது?

ஈஸ்டர் கழிந்த முதல் சனி. அவருக்கு முன்னாலேயே போய் மேசை பிடித்தேன். வந்தார், உட்கார்ந்தார், இரண்டு மடக்கு குடித்தார்.

“சார், அருளுக்கு வேற எடத்துல முடிச்சுட்டோம். உங்க ஊருதான். உங்க கோவில் பங்குதான். நாளைக்கு மொத ஓலை வாசிக்கிறாங்க. நான் சொல்லாம நீங்க கோவில்ல கேட்டா நல்லா இருக்காது.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது.

“எட்டு மாசமா நீங்க வாயே தொறக்கல. பொண்ணுக்கு இஷ்டமில்ல போலருக்கு, நேர்ல சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு மனுஷன் வாங்கி வாங்கிக் குடுக்குறாருன்னு எங்க வீட்ல சொன்னா. நான் நம்பல. அப்புறம் ஜனவரிலேர்ந்து பொண்ணு போனையும் எடுக்கலியாம். அதுக்கு மேல என்ன சார் வேணும்? பய ஒரு மாசம் சரியாச் சாப்புடல.”

“நீங்களாவது கேட்டிருக்கலாமே?”

“உங்க காசுல குடிச்சுக்கிட்டு எப்படி சார் கேக்குறது?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம் – அவளுக்கு இஷ்டம்தான், நான்தான் – இன்னும் ஓலை வாசிக்கவில்லை, ஒரு ராத்திரி இருக்கிறது. ஆனால் அங்கே இன்னொருத்தி இருக்கிறாளே. அவளுக்கும் ஓர் அப்பா இருப்பாரே. இது நியாயமான காரணம்தானா? எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. எனக்கு எழுத வரும்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல முடியலைடா சாமி.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிவில் பங்குத்தந்தை ஓலை வாசித்தார். பொறையாறு பங்கைச் சேர்ந்த யேசுராஜின் மகன் அருளப்பனுக்கும், இந்தப் பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகளுக்கும். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். ஜூலியட் என் பக்கம் திரும்பினாள். சலோமி திரும்பவில்லை. இறுதிப் பாட்டை எல்லோரோடும் நின்று கடைசி வரி வரை பாடினாள்.

மே 3, சனி

யேசுராஜின் மனைவி பத்திரிகை வைக்க வந்தார். தனியாக வந்தார். “மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். ஜூலியட்டுக்குத் தாங்கவில்லை.

“நாங்க என்னத்த வெச்சுக்கிறது? ஜனவரில இவரு கேட்டப்ப யோசிக்கணும்னு சொன்னது உங்க வீட்டுக்காரருதானே?”

“யாரு கேட்டா?” அந்த அம்மாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “ஒரு தடவ கேட்டிருந்தா அன்னிக்கே ஓலை எழுதக் குடுத்திருப்போமே! என் புள்ள வாசல வாசலப் பாத்துக்கிட்டு இருந்துச்சே. சனிக்கிழம அவரு வீடு வந்தா மொதக் கேள்வியே, ‘கேட்டாங்களாப்பா?’ அவருந்தான் பாவம் ‘அடுத்த வாரம்’பாரு.”

அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

சலோமி கேட்டாள்: “கேக்கவே இல்லியாப்பா?”

“அடுத்த வாரம் கேட்கலாம் என்று…”

“நான் அவரு போன எடுக்கல.” குரலை உயர்த்தவில்லை. “நீங்க சொன்னத நம்பி எடுக்கல. ஏன்ப்பா?”

ஏன் என்று அவளிடம் சொல்ல முடியாது. எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது, அதனால் என்று எந்த வாயால் சொல்வது?

“நீயே சொல்லியிருக்கலாமே அந்தப் பையனிடம்” என்றேன். இதை நான் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

“வேணாண்டி, வா” என்று ஜூலியட் அவளை உள்ளே கூட்டிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மே 18, ஞாயிறு

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். யாராவது போக வேண்டும். பந்தியில் யேசுராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பிரியாணிக்குள்ள கறி தேடுறதுக்கு ஒரு நூலகர்தான் சார் சரி” என்றார். சிரிப்பு வந்தது. வந்துதான் தொலைத்தது.

மே 24, சனி

சலோமி மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், ஆந்திராவுக்குள் கிடக்கும் ஏனாமுக்கு. ஜூலியட் சுவரைப் பார்த்துச் சொன்னாள். இப்போது என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம்தான் சொல்கிறாள். காரைக்காலில் அரசு வேலையில் இருப்பவர்களை ஏனாமுக்குப் போடுவார்கள், அவர்கள் அழுதுகொண்டு போவார்கள், ஆளைப் பிடித்துத் திரும்பி வருவார்கள். கேட்டுப் போனவரை நான் பார்த்ததில்லை.

ஜூன் 6, வெள்ளி

கேட்டவுடன் கிடைத்துவிட்டது.

ஜூன் 14, சனி

காலையில் சலோமியை வண்டி ஏற்றினோம். சென்னை போய் அங்கிருந்து காக்கிநாடா ரயில். துணைக்கு ஜூலியட்டும் போயிருக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. மாலையில் யேசுராஜ் வந்தார். கல்யாண ஆல்பம் கொண்டுவந்திருந்தார். பீர் வருவதற்குள் பார்த்து முடித்தோம்.